மேசைப் பலகை வெடித்ததற்கு மரம் காரணமல்ல

கேள்வி: குழித்துறையில் வசிக்கிறேன். வங்கி வேலை முடிந்து வந்தபின் மாலையில் ஒரு மணி நேரமும் ஞாயிறு காலையும் கார் ஷெட்டில் மரவேலை செய்வது என் பொழுதுபோக்கு. சென்ற ஆண்டு இடவப்பாதி மழையின்போது மகளுக்கு 2 அடி அகலத்தில் ஒரு தேக்கு மேசை செய்து, மேல்பலகையைப் பசையிட்டுத் திருகாணியால் சட்டத்தோடு இறுக்கினேன். மாசியில் பலகை நெடுக வெடித்துவிட்டது. பங்குனியில் பொருத்திய இழுப்பறை இப்போது மழையில் திறக்க வரவில்லை. மரம் சரியில்லையா? வெடிப்பை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாமா? அடுத்து அம்மாவுக்குப் பூஜை அலமாரி செய்ய வேண்டும். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதால் தூசியை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

பதில்: மழையில் செய்தது வெயிலில் வெடித்ததும், வெயிலில் செய்தது மழையில் இறுகியதும் ஒரே காரணத்தால்தான். மரம் நெடுக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்கில்தான் ஈரத்தை வாங்கி விரிகிறது, காய்ந்து சுருங்குகிறது. குறைவாக அசையும் மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, ஈரப்பதம் 4 சதவீதம் இறங்கினால் 2 அடி அகலப் பலகை 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். அடியில் குறுக்காக ஓடும் சட்டமோ தன் நீளத்தில் சுருங்காது. இரண்டையும் அசையவிடாமல் இறுக்கிவிட்டதால், சுருங்க இடமில்லாத பலகை தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொண்டது. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் பழைய கடைகளின் வாசலை அடைக்கும் நிரப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலும் கீழும் காடியில் (நீளப் பள்ளத்தில்) நிற்கும் அந்தப் பலகைகளுக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மழையில் இறுகும், கோடையில் லேசாக ஆடும், ஆனால் இந்தக் காரணத்தால் வெடிப்பதில்லை.

ஆகவே வெடிப்பை அடைக்க வேண்டாம். இப்போது மழைக்காலம், பலகை விரிந்து வெடிப்பு ஓரளவு மூடியிருக்கும். அதில் நீங்கள் திணிக்கும் தூளும் பசையும் இறுகிக் கல்லாகிவிட்டால், பலகை விரிய வழியின்றிப் புதிய இடத்தில் நெருக்கும். முதலில் திருகாணிகளைக் கழற்றி, பசை பிடித்த இடத்தில் மெல்லிய ரம்பத்தை விட்டுப் பலகையைச் சட்டத்திலிருந்து விடுவியுங்கள். மழை ஓய்ந்து பலகை நன்கு காய்ந்தபின் வெடிப்பின் வழியே முழுவதுமாக அறுத்து, இரு விளிம்புகளையும் இழைப்புளியால் நேராக்கி, பசையிட்டு ஒட்டுங்கள். அகலத்தில் சிறிது குறையும், அது பெரிதல்ல. பிறகு பொருத்தும் முறைதான் முக்கியம். சட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு திருகாணியை இறுக்கமாகப் போடுங்கள். ஓரங்களில் வட்டத் துளைக்குப் பதிலாக, பலகையின் அகலவாக்கில் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள துளைகளை எடுத்து, வாஷருடன் திருகாணியைப் பலகை நகரும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். நடுவில் பிடித்த பலகை இரு பக்கமும் பாதிப் பாதியாகத்தான் நகரும் என்பதால் இந்த நீளம் தாராளமாகப் போதும். மேல்பக்கத்துக்கு எத்தனை கை பாலீஷ் போடுகிறீர்களோ அத்தனை கை அடிப்பக்கத்துக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கிப் பலகை வளையும்.

இழுப்பறையைப் பிடித்து இழுக்காதீர்கள், முகப்பு கழன்றுவிடும். மழை விட்டதும் தானாக வரும். வந்தபின் பக்கப் பலகைகளின் மேல்விளிம்பில் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும் இடத்தை மட்டும் இரண்டு இழைப்பு இழைத்து, மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். கோடையில் புதிதாகச் செய்வதாக இருந்தால் மேலே 2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

மரம் காய்ந்ததா என்று அறிய ஈரமானி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. மில்லிலிருந்து வந்த பலகைகளை இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்கி, அவற்றில் ஒன்றை ஞாயிறுதோறும் தராசில் நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். சில வாரங்களுக்கு எடை குறையாமல் நின்றால் அந்த இடத்துக் காற்றோடு மரம் ஒத்துப்போய்விட்டது என்று பொருள். உங்கள் மகளிடம் இதை ஒப்படைக்கலாம். பிள்ளைகள் இத்தகைய கணக்கை நம்மைவிட ஒழுங்காக வைத்திருப்பார்கள். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், மருந்தேற்றிக் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்யாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் பூச்சியும் விரைவிலேயே பிடிக்கும்.

தூசியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட அறிக்கையிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது; தேக்குத் தூளோ சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கூடவே தருகிறது. எனவே மெஷின் இழைப்பையும் தேய்ப்பையும் ஞாயிறு காலையில் மட்டும், வீட்டை நோக்கிக் காற்று வீசாத இடத்தில், என்-95 முகக்கவசத்துடன் செய்யுங்கள். உடையை மாற்றிய பிறகே அம்மாவின் அறைக்குச் செல்லுங்கள். வார நாள் மாலைகளில் தூசி கிளப்பாத கைவேலைகளை வைத்துக்கொள்ளலாம்: அளந்து கோடு போடுதல், உளி தீட்டுதல், துளை வெட்டி, அதில் நுழையும்படி செதுக்கிய சட்ட முனையான கழுந்தைப் பொருத்திப் பார்த்தல். கொட்டாப்புளிச் சத்தம் மகளின் படிப்பு நேரத்தில் வேண்டாம். பசையிடுவதை இரவு உணவுக்குப் பின் வைத்துக்கொண்டால் மறுநாள் மாலை வரை கிளாம்ப் அப்படியே இருக்கலாம். மர வேலைக்கான வெள்ளைப் பசைக்கு முழு வலு வர ஒரு நாள் ஆகும். நேரம் குறைவு என்று வருந்தாதீர்கள். மரம் காயவும் பசை பிடிக்கவும் எப்படியும் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குள் போவது இந்தத் தொழிலுக்கு இசைந்த முறைதான்.

பூஜை அலமாரியின் கதவுகளுக்கு நான்கு சட்டங்களைக் கழுந்து வைத்து இணைத்து, உட்புறம் காடி எடுத்து, பலகையைப் பசையின்றி அதில் நிறுத்துங்கள். பலகைக்கு முன்கூட்டியே பாலீஷ் போட்டுவிட்டுப் பிறகு கோத்தால், கோடையில் அது சுருங்கும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாது. விளக்கு வைக்கும் தட்டுக்கு மட்டும் மரத்தின்மேல் ஒரு கிரானைட் துண்டைப் பதியுங்கள். சுடருக்கு நேர் மேலே இன்னொரு தட்டு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.