ஸ்கேனர் கெடவில்லை, டிரைவர்தான் பழசு

கேள்வி: அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று, பரணில் கிடந்த பழைய ஸ்கேனரை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அதோடு வந்த சாஃப்ட்வேரில் ஸ்கேன் ஆகிறது. ஆனால் ஃபோட்டோஷாப்பில் இம்போர்ட் மெனுவில் அதன் பெயரே வரவில்லை. முன்பு வந்துகொண்டிருந்தது. புதிது வாங்க வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வாங்காதீர்கள். ஒரு இடத்தில் ஸ்கேன் ஆகிறது என்றாலே மிஷின் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஸ்கேனரும் படம் திருத்தும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ள 1992 முதல் ‘ட்வைன்’ என்றொரு பொது ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு, ஸ்கேனரின் ட்வைன் டிரைவர் (ஸ்கேனரை இயக்க உதவும் சிறு சாஃப்ட்வேர்) பழைய 32 பிட் வகை என்றால் அதை அழைக்கும் சாஃப்ட்வேரும் 32 பிட்டாக இருக்க வேண்டும். பழைய ஸ்கேனர்கள் பலவற்றுக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் எழுதினார்கள், இன்றைய ஃபோட்டோஷாப்போ புதிய 64 பிட் வகை, அதனால் அந்த டிரைவர் அதற்குத் தெரியாது. அதோடு, ட்வைனுக்கான ப்ளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் துணுக்கு சாஃப்ட்வேர்) இப்போது ஃபோட்டோஷாப்போடு சேர்ந்து வருவதில்லை, தனியாகத்தான் போட வேண்டும்.

முதலில் ஸ்கேனர் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இம்போர்ட் மெனுவிலேயே டபிள்யூஐஏ என்று ஒன்று இருக்கும், அது விண்டோஸ் வழியாகப் பேசுவது, வசதிகள் குறைவு என்றாலும் பல சமயம் கைகொடுக்கும். அதுவும் சரிவரவில்லையா, படம் பார்க்கும் சாஃப்ட்வேரான இர்ஃபான்வியூவின் 32 பிட் பதிப்பைப் போட்டுப் பாருங்கள், வீட்டு உபயோகத்துக்கு இலவசம், பழைய ட்வைன் டிரைவர்கள் அதில் தெரியும்.

ஆனால் நான் இதற்கெல்லாம் மெனக்கெடவே மாட்டேன். ஸ்கேனரின் சொந்த சாஃப்ட்வேரிலேயே ஸ்கேன் செய்து, ஃபைலாகச் சேமித்து, அப்புறம் ஃபோட்டோஷாப்பில் திறப்பேன். படத்தின் தரம் இம்மியும் குறையாது, ஒரு ஆல்பம் முழுக்கச் செய்யும்போது இதுதான் வேகமும்கூட. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள், 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும், 24 பிட் கலரில் சுமார் 26 எம்பி. ஜேபெக் ஃபைல் வேண்டாம், டிஃப் என்ற ஃபைல் வகையில் சேமியுங்கள், திருத்தித் திருத்திச் சேமித்தாலும் தேயாது.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். ஸ்கேனர் சாஃப்ட்வேரில் ‘தூசு நீக்கு’ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது புள்ளி எது, பொருள் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மழித்துவிடும். உறவினர் ஒருவரின் கல்யாணப் படத்தில் முகூர்த்தப் புடவையின் ஜரிகைக் கட்டங்கள் மொத்தமும் ஒரே வெளுத்த பட்டையாகிவிட்டன, மூக்குத்தியும் போய்விட்டது, தூசு என்று நினைத்து அதைத் துடைத்திருக்கிறது! அதற்குப் பதில் கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுப் படத்தை வையுங்கள். திரவம் போடுவதானால் துணியில் போடுங்கள், கண்ணாடி மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பழைய கலர் படங்கள் சொரசொரப்பான பேப்பரில் இருக்கின்றன. ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறது. என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்தப் பேப்பரின் சின்னச் சின்ன மேடுகளில் ஸ்கேனர் விளக்கு பட்டுத் தெறிப்பதுதான் அந்த மினுக்கல். ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு படத்தின் முகம் கண்ணாடியைப் பார்த்தபடியே, மேல்பக்கம் கீழே வரும்படி அரை வட்டம் சுற்றி வைத்து இன்னொரு முறை. இரண்டாவதை ஃபோட்டோஷாப்பில் நேராக்கி, முதல் படத்தின் மேல் லேயராக (இன்னொரு அடுக்காக) போட்டு, எடிட் மெனுவிலுள்ள ஆட்டோ அலைன் லேயர்ஸால் பொருத்துங்கள். மேல் லேயரின் பிளெண்ட் மோடை (அடுக்குகள் கலக்கும் முறையை) ‘டார்க்கன்’ ஆக்கினால் இரண்டில் இருட்டான புள்ளியே நிற்கும், மினுக்கல் பெருமளவு அடங்கிவிடும். முகம் கொஞ்சம் கருத்துப்போனால் மட்டும் லெவல்ஸ் என்ற வெளிச்சம் திருத்தும் வசதியில் லேசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.