பொட்டலில் ஏழு சுற்று

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குத் திங்கள்சந்தை பக்கம். ஓமானில் ஒரு கேம்பில் வேலை. பின்னால் வெறும் பொட்டல், பார்த்த இடமெல்லாம் கல். வெள்ளிக்கிழமைகளில் கல் பொறுக்கி, சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போகும் சுற்றுப்பாதை (labyrinth) கட்டுகிறேன். முளையடித்து, கயிறு பிடித்து வட்டம் வட்டமாகப் போட்டேன். வழி எங்கோ முட்டி நின்றுவிடுகிறது. அறையில் எல்லோரும் எனக்கு வட்டு, கிறுக்கு என்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது? ஆளைக் குழப்பப் பொய்வழிகளும் வைக்கலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

வட்டத்தில் ஆரம்பித்ததுதான் சிக்கல். முதலில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு மூலைகளிலும் 'ட' போல ஒரு மடக்கு; மடங்கும் இடம் நடுவைப் பார்க்க வேண்டும். மடக்குக்கு வெளியே மூலைக்கு ஒரு புள்ளி. இனி கூட்டல் குறியின் உச்சியிலிருந்து வலப்பக்கத்து அடுத்த முனைக்கு ஒரு வளைவு. உச்சிக்கு இடப்பக்கம் இருக்கும் முனையிலிருந்து, வலப்பக்கம் அடுத்து மிச்சமிருக்கும் முனைக்கு இன்னொன்று. மடக்கின் இரு நுனிகளும் புள்ளியும்கூட முனைகள்தான். இப்படியே இணைத்துக்கொண்டு போனால் எட்டாவது வளைவோடு ஏழு சுற்று அமைந்துவிடும். தடம் 2 அடி அகலம் என்றால் குறுக்களவு 30 அடி வரும். கல் வைக்கும் முன் மணலில் குச்சியால் கீறிப் பாருங்கள்.

இது புது விஷயமில்லை. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பக்கம் இதே உரு நிலத்தில் கல்லால் கிடக்கிறது, ஏழு சுற்றுக் கோட்டை என்பார்கள். ஹளேபீடு கோயிலில் அபிமன்யு நுழையும் சக்கர வியூகத்தையும் ஒரு சுற்றுப்பாதையாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

பொய்வழி வேண்டவே வேண்டாம். ஒரே வழி என்பதில்தான் இதன் ருசி. நுழைந்ததும் வெளியிலிருந்து மூன்றாவது சுற்றில் நடப்பீர்கள். அடுத்து இரண்டு, ஒன்று. மையத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். பிறகு நான்கு, அங்கிருந்து நேரே ஏழு. மையம் பக்கத்திலேயே இருக்கும், சரி வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் வழி ஆறுக்கும் ஐந்துக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டுத்தான் உள்ளே விடும். கிளை வைத்தால் ஆள் தரையைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான்.

அப்புறம் கல். நம்மூர் விளைகளில் வேலிக்குக் கல்லடுக்கிக் கையாலை கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அகன்ற முகம் கீழேதான் போகும். நீங்களும் அப்படி வைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதையுங்கள். கல்லடியில் தேள் இருக்கும். வெறுங்கையை விடாமல் கம்பியால் அப்புறத்து விளிம்பை நெம்பி உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள், இடையில் கல்லே மறைப்பாக நிற்கும். வாதி என்கிற வறண்ட ஆற்றுப் படுகையில் கட்டாதீர்கள், எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

குவியலாகக் கிடக்கும் கல்லை மட்டும் தொட வேண்டாம். ஓமானில் பாத், அல் அய்ன் பகுதிகளில் இருக்கும் கல்லறைகள் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை; 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இடிந்து சரிந்தால் சும்மா கல்மேடு போலத்தான் தெரியும். சிதறிக் கிடப்பதே உங்களுக்குத் தாராளம். கேம்ப் பொறுப்பாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.