அடிக்கலைன்னாலும் அது கொடுமைதான்: உங்க கேள்விக்கு பதில்

வேலூர் கோர்ட்ல குடும்ப வன்முறை கேஸ் நடத்துற வக்கீல் நான். இந்த தடவை வந்த கேள்வி முக்கால்வாசியில ஒரே வரி இருக்கு, "அவர் என்னை அடிக்க மாட்டார் மேடம், ஆனா...". அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வர்றதுதான் விஷயமே.

"ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை செய்றேன். சம்பளம் ஏறுன அன்னிக்கே ஏடிஎம் கார்டு வூட்டுக்காரர் கைக்கு போயிடும், உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் அவரே எடுத்துக்குறாரு. சோப்பு வாங்கணும்னா கூட கேக்கணும். கை நீட்டுனது இல்ல. இதுக்கு இன்னா கேஸ் போட முடியும்?"

போடலாம் மா. 2005-ம் வருஷ குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல 3-வது பிரிவை பாத்தா அடி உதை மட்டும் இல்ல, பாலியல் கொடுமை, வாயால மனசால பண்ற கொடுமை, பணத்தை பிடுங்கி வெச்சிக்கறது எல்லாமே வன்முறைன்னுதான் எழுதியிருக்கு. உங்க சம்பளம் உங்க கைக்கு வராம தடுக்கறது அதுல நேராவே வரும்.

ஒரு கேஸ் சொல்றேன், பேர் ஊர் வேணாம். ஒரு பொண்ணு 40 பக்க நோட்டு ஒண்ணை என் மேஜை மேல வெச்சா. தினமும் செலவு எழுதி புருஷன் கிட்ட காட்டணுமாம். கொத்தமல்லி 10, பால் 26, பூ 20. பூவை சுத்தி சிவப்பு பேனால வட்டம் போட்டு பக்கத்துல "எதுக்கு?"ன்னு அவன் எழுதியிருக்கான். பக்கத்துக்கு பக்கம் அந்த "எதுக்கு?" இருந்துச்சு. நான் படிச்சிட்டு இருக்கும்போது போன் அடிச்சுது, அந்த பொண்ணு சட்டுனு எழுந்து நின்னுட்டா. ஆறு வருஷமா ஒரு அடி கூட விழலை அவ மேல. அந்த நோட்டுதான் எங்களுக்கு பெரிய ஆதாரமா ஆச்சு.

அதனால நீங்களும் தேதி போட்டு எழுதி வைங்க. என்னிக்கு எவ்ளோ ஏறுச்சு, யார் எடுத்தா, கேட்டப்ப என்ன சொன்னார். தனித்தனியா பாத்தா எல்லாமே அல்பமா தெரியும், வரிசையா பாத்தாதான் ஜட்ஜுக்கு புரியும். 2019-ல மாவட்டம் பிரிஞ்சதுல ஆம்பூர் திருப்பத்தூருக்கு போயிடுச்சு, அதனால அங்க சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலரை கேளுங்க, அவங்க டி.ஐ.ஆர், அதாவது வீட்ல நடந்த கொடுமையை பத்தி ரிப்போர்ட் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. வக்கீல் ஃபீஸ் பத்தி பயப்படாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சம்பள அக்கவுன்ட்டை மாத்துறதை மட்டும் அவசரப்பட்டு செய்யாதீங்க, பணம் நின்ன அன்னிக்குதான் இவ்ளோ நாள் ஓங்காத கை ஓங்கும், முதல்ல தங்க ஒரு இடம் பாத்து வைங்க.

"காட்பாடி. வீட்லேர்ந்தே ஐடி வேலை. என் போன் லொகேஷன் எப்பவும் அவருக்கு தெரியும், கடைக்கு போனா வீடியோ கால், அம்மா கிட்ட ஸ்பீக்கர் போட்டுதான் பேசணும். பாசம்னு சொல்றார். நான்தான் பெருசு பண்றேனா?"

இல்ல. ஒரு நாள் "இன்னிக்கு ஸ்பீக்கர் போட மாட்டேன்"னு சொல்றதா நெனச்சு பாருங்க. நெனச்ச உடனே வயித்துல ஒரு கலக்கம் வருதுல்ல? பாசமா இருந்தா அது வராது.

இப்படி ஒருத்தரை அடக்கி கட்டுப்பாட்டுலயே வெச்சிருக்கறதுக்கு வெளிநாட்டுல கோயர்சிவ் கன்ட்ரோல்னு பேர், அமெரிக்க சமூகவியல் அறிஞர் எவன் ஸ்டார்க் எழுதுனதால பரவலாச்சு, பெண்ணோட சுதந்திரத்தையே பறிக்கற குற்றம்னு சொன்னவர் அவர். நம்ம ஊர்ல அந்த பேர்ல தனி குற்றம் கிடையாது, இருக்கணும்னு நான் நெனைக்கிறேன். புருஷன் வீட்டு கொடுமைக்கு இருந்த பழைய ஐ.பி.சி 498ஏ இப்ப பி.என்.எஸ், அதாவது புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 85, 86-வது பிரிவு, அதுல மனசு பாதிக்கற கொடுமையும் வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆனா தற்கொலைக்கு தள்ளுற அளவு இல்லாட்டி உடம்போ மனசோ பலமா கெட்டுப்போற அளவு கொடுமைன்னு நிரூபிக்கணும். உங்க நிலைமைக்கு குடும்ப வன்முறை சட்டம்தான் நல்ல வழி, போன்லயோ மெசேஜ்லயோ தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 18-வது பிரிவுல ஆர்டர் வாங்கலாம், மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. புருஷன் பொண்டாட்டி ரகசியமா பதிவு பண்ண பேச்சை விவாகரத்து கேஸ்ல ஆதாரமா எடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல சொல்லியிருக்கு. பெண்கள் உதவி எண் 181-க்கு கூப்பிடறதுன்னா உங்க போன்லேர்ந்து வேண்டாம், பக்கத்து வீட்டு போன்ல கூப்பிடுங்க.

"என் பொண்ணு இங்கிலாந்துல நர்ஸ். மாப்பிள்ளை அவ சம்பளத்தை வாங்கிக்கினு, எங்க கூட பேச விடமாட்றாரு. போலீஸ் கிட்ட போனா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு மிரட்டுறாராம். இங்கேர்ந்து நாங்க இன்னா செய்ய?"

அம்மா, அங்க இதுவே தனி குற்றம். 2015 டிசம்பர்லேர்ந்து, 5 வருஷம் வரைக்கும் தண்டனை. அடி விழுந்திருக்கணும்னு இல்ல, திரும்பத் திரும்ப நடந்து அதனால அடிப்பாரோன்னு அவ ரெண்டு தடவையாவது பயந்திருந்தாலோ, வேலை, தூக்கம், மத்தவங்களை பாக்கறதுன்னு அன்னாட பொழப்பு பாதிச்சாலோ போதும். ஸ்காட்லாந்துல இன்னும் கடுமை, 14 வருஷம் வரைக்கும். அவ வேலைக்கு குடுத்த விசான்னா அது அவ பேர்ல இருக்கு, அவரால ரத்து பண்ண முடியாது, இதை அவளுக்கு யாராவது நேர்ல சொல்லணும், கூட வேலை செய்ற நம்ம ஊர் பொண்ணு யாராவது இருந்தா வார்டுலயே சொல்லட்டும். அங்க குடும்ப வன்முறைக்கான உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. நீங்க மாப்பிள்ளைக்கு போன் போட்டு கத்தாதீங்கம்மா, அந்த கோவம் அவ மேலதான் திரும்பும்.

"காலேஜ் படிக்கறேன். லவ் பண்றவன் என் இன்ஸ்டா பாஸ்வேர்ட் வாங்கி வெச்சிருக்கான், விட்டு போனா போட்டோ போடுவேன்னு சொல்றான்."

பாஸ்வேர்ட் குடுத்ததுக்கு உன் மேல தப்பு இல்லமா. ஒண்ணா ஒரே வீட்ல இல்லாததால குடும்ப வன்முறை சட்டம் வராது, ஆனா மிரட்டல் பி.என்.எஸ் 351, நீ நெட்ல செய்றதை வேவு பாக்கறது 78. மிரட்டுன மெசேஜை எடுத்து வெச்சிட்டு சைபர் கிரைம் உதவி எண் 1930-லயோ மகளிர் ஸ்டேஷன்லயோ சொல்லு, வீட்ல ஒருத்தருக்காவது முன்னாடியே சொல்லிடு, அவன் கையில இருக்கற ஆயுதமே வீட்டுக்கு தெரிஞ்சிடும்ங்கற பயம்தான்.

"ஆம்பளைங்களுக்கு இதே நடந்தா?"

நடக்குது, என்கிட்ட வந்திருக்காங்க. 2005 சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். மனக் கொடுமைன்னு விவாகரத்து கேக்கலாம், மிரட்டுனா போலீஸ்ல புகார் குடுக்கலாம்.

"கேஸ் போட்டா மாமியார் வூட்டை வுட்டு தொரத்திடுவாங்களே? வூடு மாமனார் பேர்ல கீது. (குடியாத்தம்)"

நீங்க குடும்பம் நடத்துன வீடுன்னா மாமனார் பேர்ல இருந்தாலும் தங்க உரிமை கேக்கலாம், சுப்ரீம் கோர்ட் 2020-லயே சொல்லிடுச்சு. அவசரம்னா எதிர் தரப்பு வர்றதுக்கு முன்னாடியே இடைக்கால ஆர்டர் கேக்கலாம், குடும்ப வன்முறை சட்டத்துல 23-வது பிரிவு. இப்ப அம்மா வீட்ல இருந்தா அங்கேர்ந்தும் மனு போடலாம். கிளம்பும்போது ஆதார், ரேஷன் கார்டு, புள்ளைங்க பர்த் சர்டிபிகேட், நகை பில்லு, இதையெல்லாம் ஒரு கட்டைப் பையில போட்டு முதல் நாளே அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க.