ஆன்கியில் 1,400 அட்டைகள் தேங்கிவிட்டன, அழித்துவிடலாமா?

வணக்கம் நண்பரே. குரூப் 2 தேர்வுக்கு அரசியலமைப்பை ஆன்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலியில் படிக்கிறீர்கள், 1,400 அட்டைகள் தேங்கிவிட்டன, அடிப்படைக் கடமைகள் அட்டை மட்டும் மனதில் நிற்பதே இல்லை, அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். எது உங்களுக்கு எத்தனை நாள் நினைவில் நின்றது என்ற கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

தேக்கம் பெரிய விஷயமில்லை. புதிய அட்டைகளின் எண்ணிக்கையை 0 ஆக்கிவிட்டு, தினமும் முடிந்த அளவு பழையதைப் பாருங்கள், கரைந்துவிடும்.

மறந்துபோனால் ‘கடினம்’ அழுத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சிரமப்பட்டாவது நினைவு வந்துவிட்டது என்றுதான் செயலி அதை எடுத்துக்கொள்ளும். மறந்த அட்டை உடனே திரும்பி வராமல் இன்னும் சில நாள் தள்ளிப் போகும். விடை வரவில்லையா, ‘மறுபடியும்’ பொத்தான்தான்.

அப்புறம் அந்தக் கடமைகள் அட்டை. 11 கடமைகளையும் ஒரே அட்டையில் வைத்தால் யாருக்கும் நிற்காது. பத்தைச் சொல்லி ஒன்றை விட்டாலும் தவறுதானே? உடைத்துவிடுங்கள். “அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவு எந்தத் திருத்தத்தில் வந்தது?” 42, 1976. “11வது கடமை எது?” 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் கல்வி வாய்ப்பு தருவது. “அதைச் சேர்த்த திருத்தம்?” 86, 2002. மற்ற பத்துக்கும் இப்படியே தனித்தனி அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு நொடிக்குள் விடை வர வேண்டும்.

ஓர் அட்டையை 8 முறை மறந்தால் ஆன்கி தானாகவே அதற்கு அடையாளக் குறி போடும், உங்கள் அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அப்போது அதை அப்படியே மீண்டும் ஓடவிடாமல், பாடப்புத்தகத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கேள்வியை மாற்றி எழுதுங்கள்.