வண்டி கொடுத்தவரின் பங்கு

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து பேர், வேலைக்காக ஊரிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் தங்கியிருக்கிறோம். தைப்பூசக் காவடிக்கு டர்பன் கிளேர்வுட் முருகன் கோவிலுக்கு எங்களில் ஒருவரின் காரில் போய் வந்தோம். பெட்ரோலும் டோலும் சேர்த்து 2,700 ராண்ட் ஆனது. ஆளுக்கு 540 போட்டோம், வண்டிக்காரரும் 540 போட்டார். அடுத்த மாதம் அவர் சர்வீஸ் பில்லை குரூப்பில் போட்டு, "இனிமேல் என் வண்டி வராது" என்று எழுதிவிட்டார். ஒரு சென்ட் பாக்கி வைக்காத எங்களுக்கு இது மனக்கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் என்ன தப்பு செய்தோம்? இன்னொன்று, எங்களில் ஒருவருக்கு இப்போது வேலை இல்லை. அவரிடமும் சம பங்கு வாங்கியது சரியா?

மிட்ராண்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நியாயம் உங்கள் வண்டிக்கார நண்பர் பக்கம்தான் இருக்கிறது. பில்லை குரூப்பில் போடாமல் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொல்ல வந்த விஷயம் சரியானது.

நீங்கள் பிரித்துக்கொண்டது வழியில் கைவிட்டுப் போன காசை மட்டும். பெட்ரோல் பங்கில் ரசீது கொடுத்தார்கள். டி ஹூக்கில் தொடங்கி மரியன்ஹில் வரை ஐந்து டோல்களிலும் ரசீது கொடுத்தார்கள். போகும்போது வான் ரீனன் கணவாயின் இறக்கத்தில் பிரேக் தேய்ந்தது. வரும்போது அதே ஏற்றத்தில் ஐந்து பேரையும் பைகளையும் எஞ்சின் இழுத்தது. அதற்கெல்லாம் அன்றைக்கு யாரும் ரசீது தரவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் ஒருவர் பெயருக்கு மட்டும் வந்தது. இதே பயணத்துக்கு வாடகைக் கார் எடுத்திருந்தால் நாள் வாடகையையும் மறுபேச்சில்லாமல் ஐந்தாகப் பிரித்திருப்பீர்கள், இல்லையா? நண்பரின் கார் என்றதும் அந்த வாடகை யார் கணக்கிலும் வராமல் போய்விட்டது.

எவ்வளவு என்று பார்ப்போம். வேலை விஷயமாக சொந்தக் காரை ஓட்டுபவருக்கு நிறுவனம் வரியில்லாமல் கொடுக்கக்கூடிய தொகை என்று சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறை, ஒரு விகிதம் வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் தொடங்கிய வரியாண்டுக்கு அது கிலோமீட்டருக்கு 4 ராண்ட் 76 சென்ட். டர்பனுக்கு ஒரு வழி ஏறக்குறைய 570 கிலோமீட்டர். போக, வர, ஊருக்குள் சுற்றியது எல்லாம் சேர்த்து 1,200 என்று வைத்தால் 5,712 ராண்ட் வருகிறது. நீங்கள் போட்ட பெட்ரோல் எப்படியும் 2,000 ராண்டைச் சுற்றித்தான் இருந்திருக்கும்.

அதற்காக மீதி முழுவதையும் அவருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விகிதத்தில் இன்சூரன்ஸும் அடக்கம், வண்டியின் விலை வருடா வருடம் குறைவதும் அடக்கம். கார் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாலும் அவர் இன்சூரன்ஸ் கட்டியிருப்பார். இந்தப் பயணத்தால் தேய்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், அதற்கு 4,000 ராண்ட் என்று வைத்தால் உங்கள் 1,200 கிலோமீட்டரின் பங்கு 320. நான்கு டயர் 6,000 ராண்ட், 50,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 144. இரண்டும் சேர்த்து 464 ராண்ட்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோலையும் டோலையும் ஐந்தாக இல்லாமல் நான்காகப் பிரித்து, வண்டிக்காரரை விட்டுவிட்டால் அவருக்கு மிச்சமாவது 540. தேய்மானத்துக்கு அது போதும், பெரிய லாபமும் இல்லை. உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 135 ராண்ட் கூடும், அவ்வளவுதான். பயணத்துக்குப் பயணம் டயர் விலை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதால் எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. அவர் இதற்கு மேல் வாங்குவதும் நல்லதில்லை. கூலிக்கு ஆள் ஏற்றினால் சாதாரண கார் இன்சூரன்ஸ் பொதுவாகச் செல்லாது. செலவைப் பகிர்ந்துகொள்வது வேறு, சம்பாதிப்பது வேறு. அவருடைய பாலிசியை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே வீட்டில் சேர்ந்து தங்கும் பிள்ளைகளிடமும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். 2023இல் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது ஒருவர் சொந்தக் காசில் இன்வெர்ட்டர் வாங்கி வைப்பார், எல்லோரும் அதில் லேப்டாப் சார்ஜ் போடுவார்கள். கரண்ட் செலவு மட்டும் பங்காகும். பாட்டரி தேய்ந்ததும் புதிதாக வாங்குவது அவர் தலையில் விழும். பொருள் வைத்திருப்பவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். அதனால் அந்தப் பேச்சை மற்றவர்கள்தான் முதலில் எடுக்க வேண்டும்.

நால்வரும் ஆளுக்கு அந்த 135 ராண்டைப் போட்டு, 540 ஆக எடுத்துக்கொண்டு வண்டிக்காரர் வீட்டுக்குப் போங்கள். குரூப்பில் எழுத வேண்டாம். வேண்டாம் என்று அவர் மறுத்தாலும் மறுக்கட்டும், கணக்கை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வேலையில்லாத நண்பரிடம் சம பங்கு வாங்கியதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளம்பும் முன்பே உங்களில் ஒருவர் அவரைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டாலும் கார் போயிருக்கும், அதே டோலும் கட்டியிருப்பீர்கள். அதனால் வேலை கிடைக்கும் வரை வண்டிச் செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு, சாப்பாட்டுச் செலவை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை எல்லோர் முன்னாலும் அறிவிக்காதீர்கள், கடனாகவும் எழுதி வைக்காதீர்கள். அப்புறம் தருகிறேன் என்று அவராகச் சொன்னால், சரி என்று சொல்லிவிடுங்கள். எப்போது என்று கேட்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா