தோட்டத்துப் படங்களும் எம்வி கட்டளையும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் அடுக்கிவரும் நண்பர்கள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் முனையத்தைப் பற்றிக் கேட்டவை இவை.

ஐயா, கோப்பின் பெயரை மாற்ற ஒரு கட்டளை, இடம் மாற்ற வேறொரு கட்டளையா?

இரண்டுக்கும் எம்வி (mv) என்ற கட்டளைதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின், 1971இல் வந்த முதல் பதிப்பிலேயே அது இருந்தது. எம்வி, பழைய பெயர், புதிய பெயர், அவ்வளவே. வட்டின் ஒரே பிரிவுக்குள் என்றால் கோப்பின் உள்ளடக்கம் அசைவதில்லை, பெயர்ப் பதிவு மட்டும் மாறுகிறது. அதனால்தான் பெரிய வீடியோவும் நொடியில் இடம் மாறிவிடுகிறது. பென்டிரைவுக்கு மாற்றும்போது நகலெடுத்த பிறகே மூலத்தை அழிக்கும். முடியும்வரை பிடுங்காதீர்கள்.

அண்ணா, காலையில் தொழிலாளர்கள் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துப் படங்கள் நாற்பதையும் ஒவ்வொன்றாக 'பெரட்டு' என்ற கோப்புறைக்கு அனுப்பினேன். இப்போது ஒரே படம்தான் இருக்கிறது!

தம்பி, படிக்கவே மனம் பதைக்கிறது. அந்தக் கோப்புறையை நீங்கள் முன்பே உருவாக்கவில்லை. ஆகவே முதல் படத்துக்கே 'பெரட்டு' என்று பெயர் மாறிவிட்டது. இரண்டாவது அதன்மேல் ஏறி அதை அழித்தது, மூன்றாவது இரண்டாவதை அழித்தது. கடைசிப் படம் மட்டும் மிஞ்சியது. எம்வி அழிப்பது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. அந்த வட்டில் இனி எதையும் எழுதாமல், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை வேறொரு வட்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அச்சுப் படங்களைக் கொடுத்த பாட்டியிடம் இன்றே பேசுங்கள், மறுபடி ஸ்கேன் செய்யலாம். அந்தத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, மறுபடி படமெடுக்க முடியாது.

இனி இரண்டு பழக்கங்கள் வேண்டும். கோப்புறைப் பெயரின் முடிவில் சாய்கோடு (/) இடுங்கள். கோப்புறை இல்லையென்றால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். எம்விக்குப் பின் ஒரு சிறுகோடும் 'ஐ' (i) என்ற ஆங்கில எழுத்தும் சேருங்கள். எதையும் அழிக்கும் முன் உங்களைக் கேட்கும்.

'மாரியம்மன் திருவிழா' என்ற பெயரில் இடைவெளி இருப்பதால் பிழை வருகிறது.

பெயரை மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

ஜேபெக் என்று முடியும் எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியால் ஜேபிஜி ஆக்க முடியுமா, ஐயா?

எம்வியால் முடியாது, டீச்சர். நட்சத்திரத்தை, நாம் தட்டச்சு செய்வதைப் படித்துக் கட்டளைகளை ஓட்டும் ஷெல் என்ற நிரல் முன்னதாகவே கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். எம்வியிடம் வெறும் பெயர் வரிசைதான் போய்ச் சேரும். ஒவ்வொரு கோப்புக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார் (for) என்ற சுழற்சியைப் பயன்படுத்துங்கள். முதல் முறை எம்விக்கு முன்னால் எக்கோ (echo) என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், ஓடவிருக்கும் கட்டளைகளை மட்டும் திரையில் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிடுங்கள்.