‘எண்ட் டர்ன்’ அமுக்கும் முன்: போர் கேம் கேள்வி பதில்

ஞாயிறு மதியம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முறை வைத்து (ஒரு டர்ன் நாம், ஒரு டர்ன் எதிரி; நம் முறையை முடிக்க ‘எண்ட் டர்ன்’ பொத்தான்) ஆடும் கம்ப்யூட்டர் போர் கேம்கள் பற்றி மட்டும் கேளுங்கள். 1990களில் பன்சர் ஜெனரல் என்ற கேமில் ஆரம்பித்தவன் நான். ராணுவத்தில் இருந்ததில்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை.

கே (புதுசு): இதுவரை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகரும் ரியல் டைம் கேம்தான் ஆடியிருக்கிறேன். போன வாரம் நண்பன் யூனிட்டி ஆஃப் கமாண்ட் போட்டுக் கொடுத்தான். ‘இதில் என்ன இருக்கு’ என்று உட்கார்ந்தவன், எழுந்தபோது ராத்திரி மணி இரண்டு. ஜெர்மன் பக்கம் எடுத்து, சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடைப் பார்த்து வேகமாகப் போனேன். பாதி வழியில் என் டாங்க் படை அடிக்கத் தெம்பில்லாமல் நின்றுவிட்டது. தோற்றேன். ஆனாலும் திரும்ப ஆடத் தோன்றுகிறது. ஏன்?

ப: வாங்க தம்பி, மாட்டிக்கொண்டீர்கள். ரியல் டைமில் தோற்றால் ‘கை வேகம் பத்தலை’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சாக்கு கிடையாது. நேரம் உங்களுடையது, மேப் கண்முன்னே விரிந்து கிடக்கிறது, டீ ஆறிப்போகும்வரை யோசிக்கலாம். அப்படியும் தப்பு செய்தோமே என்ற அரிப்புதான் உங்களைத் திரும்ப உட்கார வைக்கிறது.

உங்கள் டாங்க் நின்ற கதையை நான் பார்க்காமலே சொல்கிறேன். முன்னால் வழி திறந்திருந்தது, ஓட்டினீர்கள். பின்னால் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டத்தைக் காலியாக விட்டீர்கள். எதிரியின் நோஞ்சான் யூனிட் ஒன்று மெல்ல நடந்து வந்து அதில் உட்கார்ந்தது. அது உங்களை அடிக்கவே இல்லை, உட்கார்ந்தது மட்டும்தான். சப்ளை (பின்னாலிருந்து வரும் எரிபொருள், குண்டு, சாப்பாடு) அறுந்தது. அதன்பின் டர்ன் கழியக் கழிய உங்கள் படை வலுவிழந்துகொண்டே போகும்.

நிஜத்தில் நடந்ததும் இதுதான். 1942 நவம்பர் 19, 20 தேதிகளில் சோவியத் படை ஸ்டாலின்கிராடுக்குள் மோதவில்லை. நகரத்துக்கு வெளியே, ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியப் படைகள் காத்து நின்ற இரண்டு பக்கங்களையும் உடைத்தது. 22ஆம் தேதி விடிவதற்குள், கலாச் அருகே டான் நதிப் பாலத்துக்கு ஒரு சிறிய சோவியத் அணி விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தது. காவலில் இருந்தவர்கள் நம்மாட்கள் என்று நினைத்தார்கள். பாலம் போயிற்று. மறுநாள் இரண்டு பக்கமும் உடைத்து வந்த சோவியத் படையின் இரண்டு கைகளும் கோத்துக்கொண்டன. ஜெர்மன் தரப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. விமானத்தில் சப்ளை அனுப்பப் பார்த்தார்கள். உள்ளே இருந்த படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டியிருந்தது; சராசரியாக அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. 1943 பிப்ரவரி 2ஆம் தேதி கடைசி ஆட்களும் சரணடைந்தார்கள்.

ஆகவே, ‘எண்ட் டர்ன்’ அமுக்கும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். இன்று இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

கே: எதில் ஆரம்பிக்கலாம்?

ப: காசு போட மனசில்லையென்றால் பேட்டில் ஃபார் வெஸ்நாத். இலவசம். மாயாஜால உலகம்தான், ஆனால் நிலம், நேரம், பின்வாங்குதல் எல்லாம் கைக்கு வந்துவிடும். காசு உண்டென்றால் பன்சர் கார்ப்ஸ் அல்லது யூனிட்டி ஆஃப் கமாண்ட். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். வார் இன் தி ஈஸ்டை மட்டும் முதலில் வாங்காதீர்கள். ஒரு கட்டம் பத்து மைல், ஒரு டர்ன் ஒரு வாரம், முழுப் போர் இருநூறு டர்னைத் தாண்டும். வாங்கி, திறந்து, மிரண்டு, மூடியவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

கே: மேப்பில் கட்டமெல்லாம் ஏன் அறுகோணமாக இருக்கிறது? செஸ் மாதிரி சதுரம் போதாதா?

ப: சதுரத்தில் மூலைவாக்கில் நகர்ந்தால் ஏறக்குறைய 1.4 மடங்கு தூரம், கணக்கில் மட்டும் ஒரு கட்டம். அறுகோணத்தில் ஆறு அண்டை வீடும் ஒரே தூரம். 1961இல் அவலான் ஹில் கம்பெனி பலகை விளையாட்டில் கொண்டுவந்தது, கம்ப்யூட்டருக்கும் அப்படியே தொற்றிக்கொண்டது.

கே: ரஷ்யப் பக்கம் எடுத்தால் அடி வாங்குவதே வேலையா இருக்கு. போரடிக்குது.

ப: ஆடுபுலி ஆட்டம் ஆடியதில்லையா? புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. நகர வழியில்லாமல் அடைத்துத்தான் ஜெயிக்கும். ஆடு பக்கம் சலிப்பு என்பவர் இன்னும் புலியைக் கட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கட்டம் விட்டுக்கொடுங்கள், ஒரு டர்ன் வாங்குங்கள். புலி உள்ளே வரட்டும். அது பின்னால் பார்க்காமல் வரும்.

கே: பன்சர் கார்ப்ஸில் நகரத்துக்குள் இருக்கும் காலாட்படையை என் டாங்க் அடித்தால் டாங்க்தான் சாகிறது. பக்கா பக் (கேமில் பிழை)தானே?

ப: பக் இல்லை. சந்துக்குள் டாங்க் குருடு. முதலில் பீரங்கியால் நாலு தட்டு தட்டி, அவர்கள் தோண்டி உட்கார்ந்திருக்கும் பலத்தைக் குறையுங்கள், அப்புறம் உங்கள் காலாட்படையை அனுப்புங்கள்.

கே: எதில் ஆரம்பிக்கலாம் அண்ணே?

ப: மேலே.

கே: டோட்டல் வார் இந்தக் கணக்கில் வருமா?

ப: மேப் முறை வைத்து, சண்டை ரியல் டைம். பாதிக் கிணறு. வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: 90 சதவீதம் ஜெயிப்பேன் என்று காட்டிவிட்டுத் தோற்கடிக்கிறது. கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது. நான் உடனே முன்பு சேமித்த ‘சேவ்’ ஃபைலை லோட் செய்துவிடுவேன்.

ப: 90 சதவீதத் தாக்குதலை இருபது தடவை செய்தால், ஒன்றாவது சொதப்ப ஏறக்குறைய 88 சதவீத வாய்ப்பு. ஒரு சாயங்காலத்தில் இருபது தாக்குதல் செய்கிறீர்களா இல்லையா? அப்புறம், லோட் செய்யாதீர்கள். ஆட்டத்தின் ருசியே சொதப்பிய பிறகுதான்.

கே (பழைய கை): இது உபதேசம் சார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும் குடும்பஸ்தன் நான். பகடைக்காக ஏன் அழணும்? லோட் செய்து வேறு வழி பார்ப்பதும் கற்றல்தானே?

ப: முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கற்றல். நடுவில் பத்து தடவை லோட் செய்து பதினோராவதில் ஜெயிப்பது, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு போடுவது. சில கேம்களில் பகடை எண்ணே சேவுக்குள் பதிந்திருக்கும்; எத்தனை முறை லோட் செய்தாலும் அதே அடி விழும். அப்படி வடிவமைத்தவர்களுக்கு என் வணக்கம்.

கே (பழைய கை): நழுவாதீர்கள். பன்சர் கார்ப்ஸில் அதே படைதான் அடுத்த போருக்கும் வரும். போலந்திலிருந்து வளர்த்த டாங்க் ஒரு கெட்ட பகடையில் செத்தால், அடுத்தடுத்த ஐந்து போரும் நொண்டும். இது நியாயமா?

ப: சரி, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது வடிவமைப்பின் ஓட்டை. ஜெயித்தவன் மேலும் வலுப்பான், தோற்றவன் மேலும் தேய்வான். என் வீட்டு விதி: ஒரு போரை முதலிலிருந்து ஒரு முறை மறுபடி ஆடலாம், நடுவில் லோட் கூடாது. ஆனால் அதிர்ஷ்டமே அநியாயம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டாலின்கிராடின் அதே நவம்பரில், ருமேனியர்களுக்குத் துணையாக நின்ற ஜெர்மன் 22ஆம் பன்சர் (டாங்க்) டிவிஷனில் பல டாங்குகள் கிளம்பவே இல்லை. குளிருக்குப் போட்ட வைக்கோலில் குடியேறிய எலிகள் ஒயரைக் கடித்துவிட்டன. அந்தத் தளபதி எந்த ‘சேவ்’ ஃபைலை லோட் செய்வார்?

கே (பழைய கை): எலியைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனாலும் லோட் செய்வேன்.

ப: செய்யுங்கள். உங்கள் வெற்றிக் கதையை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.

கே: நானும் லோட் செய்வேன், தப்பா?

ப: இந்த வழக்கு முடிந்தது.

கே: ஜெர்மன் பக்கம் ஆடும்போது உறுத்துகிறது.

ப: உறுத்தட்டும். மேப்பில் அம்புக்குறிகள்தான் தெரியும். அந்தப் படைகளிடம் கைதியான சோவியத் வீரர்களில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் செத்தது எந்தக் கட்டத்திலும் தெரியாது. நான் ஆடுகிறேன், கூடவே அந்தப் போரைப் பற்றிப் படிக்கவும் செய்கிறேன். ஆட மனமில்லையென்றால் மறுபக்கம் எடுங்கள்.

கே: எதில் ஆரம்பிக்கலாம்? லேப்டாப்பில் ஓடுமா?

ப: மேலே. வெஸ்நாத் ஓடும். வார் இன் தி ஈஸ்ட் வாங்காதீர்கள்.

கே (புதுசு): நடுவில் போய் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன். இந்த முறை பாலத்தில் ஒரு காலாட்படையை விட்டேன். சப்ளை அறுபடவில்லை. ஆனால் முன்னால் ஒரு யூனிட் குறைந்துபோய், ஒரு டர்ன் தாமதமாகத்தான் நகரத்தைப் பிடித்தேன்.

ப: பாலத்துக்கு அவ்வளவு நல்ல யூனிட் எதற்கு? அடிபட்டு அரை உயிராகக் கிடப்பது ஏதாவது ஒன்று இருக்குமே, அதை உட்கார வையுங்கள். ரயில் பாதை இன்னொரு இடத்தில் ஆற்றைக் கடக்கிறதா என்றும் பாருங்கள்.

கே (புதுசு): கடக்கிறது. அங்கே யாரும் இல்லை.

ப: ‘எண்ட் டர்ன்’ அமுக்கிவிட்டீர்களா?

கே (புதுசு): ம்.